அம்மம்மா வீட்டுப் பிள்ளைகள்

லெஸ்டர் மாமா: அலொட்மென்டில், அதுதான் கௌன்சிலின் வாடகைத் தோட்டத்தில், உருளைக்கிழங்கு கிண்டும்போது இந்தக் காசு வந்தது. பால் போத்தல் மூடி என்று எறியப் பார்த்தேன். வெள்ளிபோல இருக்கிறது. ஞாயிறு பேரன் பிறந்த முப்பத்தொன்றாம் நாளுக்கு அரைஞாணில் கோர்க்கலாமா?
(படம்) (படம்)

கனடா சித்தி: யாரண்ணா இந்த ராசா, மூக்கையே காணோம்

அண்ணா: மாமா, துளை போட்டுவிடாதீர்கள்!! பின்பக்கம் 'வில்லா காலிசியே' என்று தெரிகிறது, அதாவது கலே, இப்போது பிரான்சில் இருக்கிறதே அதுதான், 1347 முதல் 1558 வரை இங்கிலாந்தின் கையில் இருந்தது. ஆட்டுரோமத்தை அங்கே விற்று, வந்த வெள்ளியை அங்கேயே காசாக அடித்தார்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் குட்டி வளையம் இருப்பதால் இங்கிலாந்து ராசா ஆறாம் ஹென்றி. 1422இல் பட்டத்துக்கு வந்தபோது ஒன்பது மாதம்கூட நிறையாத குழந்தை. காசில் இருப்பது அவர் முகமில்லை, அந்தக் காலத்தில் எல்லா ராசாவுக்கும் ஒரே மூஞ்சிதான். இந்தக் காசை க்ரோட் என்பார்கள், நாலு பென்னி.

கனடா சித்தி: அப்ப பேரனுக்கு ஏற்ற காசுதான்

மாமி: ஞாயிறு எத்தனை பேர்? சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும்

பெரியம்மா: கறுத்துக் கிடந்தது. விபூதி போட்டுத் தேய்த்துவிட்டேன்

அண்ணா: ஐயோ பெரியம்மா

பெரியம்மா: குங்குமச் சிமிழை ஐம்பது வருடமாக அப்படித்தான் தேய்க்கிறேன், அதற்கு என்ன வந்தது

அண்ணா: இனித் தொடவே வேண்டாம். எடை தெரியுமா? 3.9 கிராம் அளவில் இருக்க வேண்டும்

பெரியம்மா: 3.1

லெஸ்டர் மாமா: அக்கா தராசோடுதான் லெஸ்டருக்கு வந்தீர்களா

அண்ணா: அப்படியென்றால் யாரோ ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள். வெள்ளியைச் சுரண்டிச் சேர்த்துவிட்டுக் காசையும் செலவழிப்பார்கள், பிடிபட்டால் உயிர் போகும்

கனடா சித்தி: அம்மாவின் சங்கிலியைப் பங்கு போட்டபோதும் அரைப் பவுன் குறைந்ததே

பெரியம்மா: அதை இங்கே கதைக்க வேண்டாம்

மாமி: எல்லாருக்கும் சைவம்தானே?

அண்ணா: மாமா, நிலம் கௌன்சிலுடையது, முதலில் அவர்களிடம் கேளுங்கள். சனங்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிய பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீமுக்கு ஊருக்கு ஊர் அலுவலர் உண்டு, காட்டினால் படமெடுத்து, நிறுத்து, பதிந்துவிட்டுத் திருப்பித் தருவார். ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் கணக்கில் வராது. 1996 புதையல் சட்டப்படி, இதோடு சேர்ந்து இரண்டாவது காசு கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்

லெஸ்டர் மாமா: இரண்டாவதா

லெஸ்டர் மாமா: வெங்காயப் பாத்தி இன்னும் கிண்டவில்லை

அண்ணா: மாமா

கனடா சித்தி: அரைஞாணுக்கு வேறு காசு வாங்குவதா இல்லையா

மாமி: எத்தனை பேர் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை