கோவலன் கூத்து விடிய விடியப் பார்க்கப் போறவைக்கு

முள்ளியவளையிலிருந்து:

முல்லைத்தீவுப் பக்கத்தில கோவலன், கண்ணகி கதையை இரவிரவா ஆடிப் பாடுற இந்தக் கூத்துக்கு முதல்முறை வாறவை பெரும்பாலும் பத்து மணிக்கு வந்து குந்தி, பன்னிரண்டு மணிக்குக் "கதை நகரேல்லையே" எண்டு எழும்பிப் போயிடுவினம். முன்னிரவு முழுக்க வரவுதான் (ஒவ்வொரு பாத்திரமும் முதல் வந்து ஆடுறது), அது கூத்தின்ர பிழையில்லை. ரெண்டு பேர் வெள்ளை வேட்டியைத் திரையாப் பிடிப்பினம். ஆட்டக்காரர் அதுக்குப் பின்னால நிண்டு சதங்கையைத் தட்டி, மத்தளத்தோட கால் பொருந்தின பிறகுதான் வெளியில வருவார். தான் ஆர் எண்டு பாடி, ஆடி, களரியை (ஆடுற இடத்தை) சுத்தி முடிக்க இருபது நிமிசமும் போகும். பொற்கொல்லன் சிலம்பைக் கையில வாங்கிற இடம் நடுச்சாமம் தாண்டித்தான் வரும். கண்ணகி வழக்குரைக்கிறது விடியப்புறம். நித்திரை கொள்ளுறதெண்டால் இடையில கொள்ளுங்கோ.

வட்டக்களரியில அண்ணாவியாரின்ர (கூத்தைப் பழக்கி நடத்திறவரின்ர) முகம் தெரியிற பக்கமாப் பாயை விரியுங்கோ. அடுத்த தரு (பாட்டு) எப்ப மாறுது, ஆர் சொல்லை விட்டிட்டார் எண்டதெல்லாம் அந்த முகத்திலதான் முதல் தெரியும். ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்ட இருந்தால் மத்தளத்தின்ர இரைச்சல்தான் கேக்கும், பாட்டுக் கேக்காது.

வற்றாப்பளைப் பக்கத்திலிருந்து:

மேல அண்ணை சொன்னது சரி. மத்தளத்தைப் பற்றி ஒரு சொல்லு. தை, மாசியில ஆடினால் ஒரு மணிக்குப் பிறகு பனி இறங்கும். தோல் ஈரத்தை இழுத்துத் தளர, சுருதி கீழ போகும். பாடுறவரும் தெரியாமல் அதோட சேர்ந்து இறங்குவார். கண்ணகி ஒப்பாரி வைக்கிற நேரம் குரல் அடித்தொண்டையில கிடந்தால் உருக்கம் எங்க இருந்து வரும்? ஒவ்வொரு பெரிய காட்சிக்கு முன்னாலயும் வாரை இழுத்துப் பாக்கோணும். மத்தளகாரருக்கு மேல ஒரு படங்கைக் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பந்தலுக்குச் செலவழிக்கிற ஆக்கள் இதை ஏனோ மறந்திடுவினம்.

சதங்கையும் அப்பிடித்தான். வெறுங்காலில கட்டினால் ரெண்டு மணித்தியாலத்தில கணுக்கால் உரிஞ்சிடும். உரியுது எண்டு தளர்த்திக் கட்டினால் சத்தம் காலுக்குப் பின்னால பிந்தி விழும். கீழ துணி சுத்தி, அதுக்கு மேல இறுக்கிக் கட்டுறதுதான் முறை.

புதுக்குடியிருப்பிலிருந்து:

சிலம்பு உடைக்கிற காட்சியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. கூத்து முழுக்க இந்த ஒரு அடியை நம்பித்தான் நிக்குது. பாண்டிமாதேவியின்ர சிலம்பில முத்து, கண்ணகியின்ர சிலம்பில மாணிக்கம். உடைஞ்சு சிவப்புத் தெறிச்சால்தான் வழக்கு முடியும். கடையில வாங்கின உலோகச் சிலம்பைக் களரி மணலில எறிஞ்சால் உடையாது. ஒருக்கால் துள்ளி, பாண்டியன்ர காலடியில போய்க் கிடக்கும். பின்னால இருக்கிற பெடியள் சிரிச்சால் அந்த இரவு அதோட சரி.

களிமண்ணில உள்ளுக்குப் பொள்ளலா ரெண்டு பாதியாச் செய்து, சூளையில வைக்காமல் நிழலில காயவிடுங்கோ. சிவப்புக் கண்ணாடி மணி பதினைஞ்சு அளவில போட்டு மூடி, பொன் நிறம் பூசினால் காணும். ஈரம் மிச்சமிருந்தால் உடையாமல் நசியும், அதால நாலைஞ்சு நாள் முன்னமே செய்து வைக்கோணும். எறியிற இடத்தில பாண்டியன்ர ஆசனத்துக்கு முன்னால ஒரு தட்டைக் கல்லு. மாற்றுச் சிலம்பு ஒண்டு கட்டாயம், கண்ணகி ஆடுறவர் இடுப்பில செருகினபடி. முத்துச் சிலம்பை உடைக்கிறேல்லை, அது திரும்பத் திரும்பப் பாவிக்கலாம்.

கிளிநொச்சியிலிருந்து:

இப்ப ஒண்டரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி மேடையில போடுகினம். சுருக்கிறதில பிழையில்லை, எதை வெட்டுறது எண்டதிலதான் பிழை. மாதவியின்ர ஆட்டத்துக்குக் கைதட்டு வருமெண்டு அதை நீட்டி வைச்சிட்டு, கோவலன் வெறுங்கையோட வீடு திரும்பிற இடத்தை ரெண்டு வரியில முடிக்கினம். அவன் வாய் திறந்து கேக்க முன்னமே கண்ணகி "சிலம்பு இருக்கு" எண்டு சொல்லுற இடம் அது. சிலப்பதிகாரத்திலயும் அப்பிடித்தான். அந்த இடம் இல்லாட்டில் பிறகு நடக்கிறது வெறும் களவு வழக்கு. கட்டியகாரன்ர பகிடியையும் வரவுகளையும் பாதியாக் குறையுங்கோ, கண்ணகி சிலம்பு குடுக்கிற இடத்தில கை வைக்காதேங்கோ.

மைக்கும் ஒரு கரைச்சல். நிண்டு பாடுற மைக்கை நட்டு வைச்சால் ஆட்டம் செத்திடும், எல்லாரும் அதுக்கு முன்னால வந்து விறைச்சு நிப்பினம். களரிக்கு மேல ரெண்டு மைக்கைத் தொங்கவிட்டால் பிற்பாட்டும் சேர்ந்து கேக்கும்.

வவுனியாவிலிருந்து:

இரவு முழுக்கக் கோவலன் பாக்கப் பொறுமை இல்லாதவை காத்தவராயன் (காத்தான்) கூத்தில துவங்கலாம். அதுவும் காதலில துவங்கிக் கழுமரத்தில முடியிறதுதான். ஆனால் சிந்து நடை, ஆர்மோனியம், கால் வேலை குறைவு, பகிடி கூட. ஒரே காத்தானை ரெண்டு மூண்டு பேர் மாறி மாறி ஆடுவினம், ஆள் மாறினதைக் கண்டு குழம்பாதேங்கோ. எண்டாலும் கோவலன் ஆடுற முல்லைமோடியை (முல்லைத்தீவுக் கூத்து முறையை) பாத்தவைக்கு இது கொஞ்சம் லேசாத்தான் தெரியும்.

முள்ளியவளையிலிருந்து, திரும்ப:

தம்பி, லேசு எண்டு சொல்லிப்போட்டுக் காத்தான் பாட்டை ஒருக்கால் பாடிப் பாக்கட்டும்.

வெளியூரில இருந்து வாறவைக்கு: கோயில் வளவில ஆடினால் கண்ணகி இங்க அம்மன்தான். வரவுக்குச் சனம் எழும்பிக் கும்பிடும், நீங்களும் எழும்புங்கோ. அந்த நேரம் போனைத் தூக்கிக்கொண்டு களரிக்குள்ள இறங்கக் கூடாது. களரியைச் செருப்போட கடக்கவும் கூடாது. பாய், போர்வை, நுளம்புக்குப் பூச ஏதாவது, ஒரு போத்தல் தண்ணி கொண்டுவாங்கோ. தேத்தண்ணியும் கச்சானும் அங்கேயே கிடைக்கும். இரவில திரும்பிப் போக பஸ்ஸை நம்பாதேங்கோ. மோட்டார் சைக்கிளில ஒட்டுசுட்டான் வழியா மாங்குளம் போறதெண்டால் யானைப் பயம் இருக்கு, வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிடுங்கோ. எப்பிடியும் மதுரை எரிஞ்சு முடியக் கிழக்கு வெளுத்திடும்.