மறு: மாணவர் படைப் பாடக் கலைச்சொற்கள் – படை மரியாதையா, படை நாகரிகமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை எங்கெங்கோ போய்விட்டதால், கேள்வியை மறுபடி மேலே ஒட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

> மிலிட்டரி டிசிப்ளின், கர்ட்டசி, சிட்டிசன்ஷிப். இந்த மூன்றுக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற சொல் வேண்டும். ‘ஏ’ சான்றிதழுக்குப் படிக்கிற தமிழ்வழிப் பிள்ளைகள். அகராதியில் இருப்பது எனக்கும் தெரியும், அது வேண்டாம்.

மாணவர் படைப் பாடக் கையேடு எழுதும் அம்மா கேட்டது இவ்வளவுதான். ‘ஏ’ சான்றிதழ் என்பது அந்தப் படைப் பயிற்சியின் முதல் நிலைச் சான்றிதழ். என்.சி.சி.க்குத் ‘தேசிய மாணவர் படை’ என்ற பெயர் நன்றாக வேரூன்றிவிட்டது, அதில் யாரும் கைவைக்க வேண்டாம்.

முதல் சொல்லைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டிசிப்ளினுக்குக் குழுமத்து ஐயா ஒருவர் ‘ஒழுக்கம்’ போதும் என்கிறார். படையின் முழக்கமே ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்றுதானே பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறது என்கிறார். முழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பாடத்துக்குள் அந்தச் சொல் வந்தால் சிக்கல். அணிவகுப்புக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்த பையனை ‘ஒழுக்கம் தவறியவன்’ என்று எழுத முடியுமா? தமிழில் ஒழுக்கம் என்றால் நடத்தை, அதிலும் ஒரு குறிப்பிட்ட நடத்தை. பெண் பிள்ளைகளுக்கான பிரிவு 1949-இலேயே வந்துவிட்டது. ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் வந்த ஒரு பெண்ணிடம் ‘உனக்கு ஒழுக்கம் இல்லை’ என்று பயிற்சியாளர் சொன்னால் அது வீடுவரை போகும்.

‘கட்டுப்பாடு’ அதைவிட மோசம். விலைக் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டு அறை, குடும்பக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றிலும் வெளியிலிருந்து ஒருவர் பிடித்து நிறுத்துகிறார். ஊர்க்கட்டுப்பாடு என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்லவே வேண்டாம்.

என் ஓட்டு ‘ஒழுங்கு’க்கு. அலுவலகங்களில் ‘ஒழுங்கு நடவடிக்கை’ பல காலமாகப் புழங்குகிறது. வீட்டில் ‘ஒழுங்கா உட்காரு’, ‘ஒழுங்கா சாப்பிடு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை. ‘படை ஒழுங்கு’ என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் பார்க்காதபோதும் அப்படியே நடப்பதற்குத் ‘தன்னொழுங்கு’.

இப்போது உண்மையான சண்டைக்கு வருகிறேன்.

> கர்ட்டசி என்றால் மரியாதை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ‘படை மரியாதை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

யோசிக்க இரண்டு காரணம் இருக்கிறது, ஐயா. ஒன்று, அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். நாளிதழைப் பிரித்தால் ‘ஆளுநர் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டார்’, ‘21 குண்டுகள் முழங்க அரசு மரியாதையுடன் அடக்கம்’ என்றெல்லாம் வருகிறது. அதெல்லாம் சடங்கு. நமக்கு வேண்டியது அன்றாடம் மைதானத்திலும் அலுவலக வாசலிலும் நடப்பதற்கான பெயர்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. தமிழில் மரியாதை கீழிருந்து மேலே போகிறது. ‘பெரியவங்களுக்கு மரியாதை குடு’ என்போம், பெரியவர் சின்னவருக்குக் கொடுப்பதை அந்தச் சொல்லால் அவ்வளவாகச் சொல்வதில்லை. படையில் கதை வேறு. சல்யூட் செய்யப்பட்டவர் அதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், எதிரில் நிற்பவன் மீசை முளைக்காத கேடட் ஆனாலும் விலக்கு கிடையாது. அவன் சல்யூட் செய்வதும் அந்த ஆளுக்கு இல்லை, குடியரசுத் தலைவர் அவருக்கு அளித்த அதிகாரத்துக்கு. அதனால்தான் பிடிக்காத அதிகாரிக்கும் அதே சல்யூட், பிடித்த அதிகாரிக்கும் அதே சல்யூட். ‘மரியாதை’ என்று தலைப்பு வைத்தால், பாடம் முழுக்க ‘பெரியவர் சொன்னால் கைகட்டி நில்’ என்றுதான் பிள்ளை படிப்பான். நம் பள்ளிகளில் அதற்குத் தனிப் பாடம் தேவையா என்ன!

இன்னொருவர் சொன்ன ‘பணிவு முறை’யும் இதனாலேயே அடிபடுகிறது.

‘வரிசை’ என்று புலவர் ஐயா எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றேன். மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்துக் கபிலர் ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார் (புறநானூறு 121). வாரிக் கொடுப்பது எளிது, அவரவர் தகுதி அறிந்து நடத்துவதுதான் கடினம் என்கிறார். கர்ட்டசியின் உயிரே இதில் இருக்கிறது. மேலிருப்பவர் கீழே பார்த்து அறிய வேண்டியது என்பதால் என் கட்சிக்கும் இது சாட்சி. ஆனால் ‘படைவரிசை’ என்றால் வரிசையாக நிற்கும் படை என்றே இன்று எவரும் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் மைதானத்தில், ‘வரிசையில் நில்’ என்று நாள் முழுக்கக் கத்துகிற இடத்தில். மனசில்லாமல்தான் விடுகிறேன்.

நான் முன்வைப்பது ‘படை நாகரிகம்’.

சிந்துவெளிக்கு ஏன் போகிறீர் என்று கேட்பீர்கள். நான் போகவில்லை. அவை நாகரிகம், மேடை நாகரிகம், அரசியல் நாகரிகம் என்று தினமும் சொல்கிறோமே, அந்த நாகரிகம்தான் இது. எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுத் துக்கத்துக்கு ஆளுங்கட்சிக்காரர் போனால் ‘அரசியல் நாகரிகம்’ என்கிறோம். பதிலுக்கு அவர் எழுந்து வந்து வரவேற்பதும் அரசியல் நாகரிகம்தான். இரண்டு பக்கமும் சமமாக ஓடுகிற சொல் இது. முன்னால் எந்த இடம் வருகிறதோ அந்த இடத்துக்கான நடைமுறை என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. குறளிலும் ‘நயத்தக்க நாகரிகம்’ கண்ணோட்ட அதிகாரத்தில்தான் இருக்கிறது, கட்டடக் கலையில் இல்லை.

கலைச்சொல் என்றால் கிளை விட வேண்டும். இது விடுகிறது. அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தால் ‘நாகரிகக் குறைவு’. மூத்தவரோடு நடக்கும்போது அவருக்கு இடப்பக்கம் நடப்பது, அதிகாரி வந்தால் எழுந்து நிற்பது, சுபேதாரைப் பெயர் சொல்லாமல் ‘சுபேதார் சாப்’ என்று அழைப்பது, இவையெல்லாம் ‘நாகரிக முறைகள்’. ‘மரியாதைக் குறைவு’ என்று எழுதிப் பாருங்கள், உடனே அது சண்டைக்கு இழுக்கிற தொடராகிவிடும்.

> அப்படியானால் சல்யூட்டுக்கு ‘படைவணக்கம்’ என்று வைக்கலாமே?

வேண்டாம் தம்பி. கொடிவணக்கம் நிலைத்துவிட்டது, அதை வைத்துக்கொள்வோம். கை உயர்த்துவதற்கு ‘சல்யூட்’ அப்படியே இருக்கட்டும். ‘வணக்கம்’ என்றால் பிள்ளைக்குக் கூப்பிய கைதான் நினைவுக்கு வரும். இங்கே உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே ஒரு பாடம். தரைப்படைப் பிரிவுக் கேடட்டுக்கு உள்ளங்கை எதிரில் நிற்பவருக்கு முழுக்கத் தெரிய வேண்டும். கடற்படைப் பிரிவில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படையில் 2006 முதல் 45 பாகைச் சாய்வு. தலையில் தொப்பி இல்லாவிட்டால் கையைத் தூக்கவே கூடாது, விறைப்பாக நின்றால் போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கடைசி விதியில்தான். திரைப்படத்தில் வெறுந்தலையோடு சல்யூட் அடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள்.

இன்னொரு தம்பி கோபமாக எழுதியிருந்தார்.

> தலைப்பைத் தமிழாக்கி என்ன பயன்? ‘சாவதான்’, ‘விஷ்ராம்’, ‘தாஹினே முட்’ எல்லாம் இந்தியில் இருக்கிறதே, அதை முதலில் மாற்றுங்கள்.

விறைப்பாக நில், தளர்ந்து நில், வலம் திரும்பு என்பவைதான் அந்தக் கட்டளைகள். கோபம் பழையது. சீனப் போருக்குப் பின் 1963-இல் மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது, 1968-இல்தான் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த ஆண்டுகளில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்ற அதே மாணவர்கள்தான் மைதானத்தில் இந்திக் கட்டளைக்குத் திரும்பியவர்களும். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968 ஜனவரியில் மும்மொழித் திட்டத்தை நீக்கிய சட்டமன்றத் தீர்மானத்திலேயே மாணவர் படையின் இந்திக் கட்டளைகளும் இடம்பெற்றன. ஆனாலும் கட்டளைகள் இன்றுவரை மாறவில்லை. தில்லிக் குடியரசு நாள் முகாமில் எல்லா மாநிலப் பிள்ளைகளும் ஒரே அணியில் நிற்க வேண்டும் என்பது நடைமுறைக் காரணம். சிங்கப்பூரிலும் தமிழ்ப் பிள்ளை ‘செடியா’ என்ற மலாய்க் கட்டளைக்குத்தான் விறைக்கிறான். கையேட்டில் கட்டளையைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் தருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுவது கையேட்டின் வேலை இல்லை.

ஆனால் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொண்டால் இதில் ஒரு சுவை இருக்கிறது, விட மனமில்லை. கட்டளைக்கு இரண்டு துண்டு. முதல் துண்டு எச்சரிக்கை, இழுத்துச் சொல்வது. இரண்டாவது செயல், வெட்டிச் சொல்வது. ‘தாஹினே…… முட்!’ முட்டென்று விழுந்ததும் நூறு குதிகால் ஒன்றாகத் திரும்ப வேண்டும். தமிழில் சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது, ஆகவே ‘முட்’ போல அறைகிற ஓசை நமக்குக் கிடைக்காது. ‘வலம்…… திரும்பு!’ என்றால் ‘தி-ரும்-பு’ என்று மூன்று ஒலித்துண்டு. எந்த ஒலியில் திரும்புவது? முதல் வரிசை ‘திரு’விலேயே திரும்பிவிடும், பின்வரிசை ‘பு’வுக்குக் காத்திருக்கும். கடைசி உகரம் குற்றியலுகரம் என்பதால் கத்தும்போது பாதி விழுங்கப்படும் என்பது ஓர் ஆறுதல். மாறாக ‘நில்’, ‘செல்’ இரண்டும் ஓரசை, இடையின மெய்யில் பளிச்சென்று முடிகின்றன. ‘விரைந்து…… செல்!’ என்பது ‘தேஜ்…… சல்!’லுக்குச் சற்றும் இளைத்ததில்லை. தமிழ்க் கட்டளை ஆக்க விரும்புகிறவர்கள் பொருளைவிட ஓசையில் தொடங்குவது நல்லது. தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மூன்றாவது சொல். சிட்டிசன்ஷிப்புக்குக் ‘குடியுரிமை’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 5 முதல் 11 வரையான பிரிவுகளுக்கும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அது சரியான சொல். யார் இந்நாட்டவர் என்பதைச் சொல்வது அது. இந்தப் பாடத்தில் பாஸ்போர்ட் பேச்சே இல்லை. 51அ பிரிவின் அடிப்படைக் கடமைகள், கொடியையும் நாட்டுப்பண்ணையும் மதிப்பது, பொதுச் சொத்தைக் காப்பது, இவைதான் இருக்கின்றன. 1976-இல் 42-ஆம் திருத்தம் பத்துக் கடமைகளைச் சேர்த்தது. 2002-இல் 86-ஆம் திருத்தம் பதினொன்றாவதைச் சேர்த்தது. அந்தப் பதினொன்றாவது, பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டிய பெற்றோரின் கடமை. பாடத்தை வாசிக்கும் பிள்ளைக்கு மிகவும் பிடிக்கப்போவது அதுதான்.

ஆகவே ‘குடிமை’. புலவர் ஐயா உடனே வருவார்: வள்ளுவர் குடிமை என்று அதிகாரம் வைத்தது நற்குடிப் பிறப்பைப் பற்றி, அதைக் கொண்டுவந்து சமத்துவப் பாடத்துக்குத் தலைப்பாக்குவதா என்பார். நியாயமான கேள்வி. ஆனால் குடிமையியல், குடிமைப் பணித் தேர்வு, குடிமைப் பொருள் வழங்கல் என்று அந்தச் சொல் தேர்வு மண்டபத்துக்கும் ரேஷன் கடைக்கும் வந்து வெகுநாள் ஆகிறது. பழம்பொருள் படிப்பவருக்குத்தான் உறுத்தும், பிள்ளைக்கு உறுத்தாது. ஆனால் தனியே ‘குடிமை’ என்றால் தொங்குகிறது. ‘குடிமைப்பண்பு’ என்று முடித்துவிடலாம்.

இதில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள் அம்மா. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேடட்டைப் போர்ப்பணிக்கு அழைக்க முடியாது. அவன் மாணவன், சிப்பாய் இல்லை. சீருடை போட்டதும் பல பெற்றோருக்கு வருகிற முதல் பயம் அதுதான். மூன்று சொற்களில் கடைசியாகக் குடிமை வருவதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பாடத்தின் தொடக்கத்துக்கு ஒரு வரைவு:

“படை நாகரிகம் என்பது சீருடையில் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் மதிக்கும் முறை. இளையவர் முதலில் சல்யூட் செய்வார். மூத்தவர் தவறாமல் திருப்பிச் செய்வார். தலையில் தொப்பி இல்லாதபோது கையை உயர்த்த வேண்டாம், விறைப்பாக நில். அறைக்குள் நுழையுமுன் அனுமதி கேள். கிடைக்காவிட்டால் வெளியே காத்திரு.”

எட்டாம் வகுப்புக்கு இந்த நடை போதுமா, இன்னும் எளிதாக வேண்டுமா என்று வகுப்பில் வாசித்துக்காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்து ‘டர்ன்அவுட்’ நிற்கிறது. பெரே தொப்பியின் சின்னம் இடக்கண்ணுக்கு நேர் மேலே வருவதும், பெல்ட் பித்தளைக்குப் பிராசோ போட்டுத் தேய்ப்பதும், முடிவெட்டும் எல்லாம் சேர்ந்த ஒரே சொல் அது. ‘உடைநேர்த்தி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடிவெட்டு உடைக்குள் அடங்குமா? வெறும் ‘நேர்த்தி’ என்றால் நேர்த்திக்கடன் நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். ‘மிடுக்கு’ எப்படி?