ஒதுக்கீடு கூடியது என்கிறது துறை, கதீட்டர் குறைந்தது என்கிறார்கள் பயனாளிகள்: எதை எழுதுவது?

செய்திமேசை (கேள்வி):
பொதுச் சுகாதார நிதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பங்கு வெட்டப்பட்டதா என்று ஒரு கட்டுரை தயாராகிறது. போன ஆண்டு 100 என்றிருந்த ஒதுக்கீடு இந்த ஆண்டு 104 ஆகியிருக்கிறது என்கிறது துறை. பிசியோதெரபி அமர்வும் கதீட்டரும் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) குறைந்துவிட்டன என்கின்றன பயனாளிகளின் அமைப்புகள். இரண்டு தரப்பையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது நியாயமாகப் படவில்லை. எந்தத் தாளை முதலில் பார்ப்பது? யாரையும் பரிதாபப் பொருளாக்காமல் எப்படி எழுதுவது?

கணக்குத்தாள்:
இரண்டு பேருமே உண்மையைச் சொல்லலாம். விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால் 104ஐ 1.06ஆல் வகுங்கள்: 98.1. பயனாளிகள் 1,000லிருந்து 1,100 ஆகியிருந்தால் அதை 1.1ஆல் வகுங்கள்: 89.2. தலைக்கு ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்திருக்கிறது. “உயர்வு” என்ற தலைப்பு இங்கேயே விழுந்துவிடும்.

அந்த 100 எந்த 100 என்றும் கேளுங்கள். பட்ஜெட் மதிப்பீடு (ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிப்பது), திருத்திய மதிப்பீடு (ஆண்டு நடுவில் மாற்றுவது), உண்மைச் செலவு (கடைசியில் செலவானது) மூன்றும் வேறு வேறு. ஆண்டு நடுவில் வெட்டிய திருத்திய மதிப்பீட்டோடு புது ஆண்டின் பட்ஜெட் மதிப்பீட்டை ஒப்பிட்டால் பெரும்பாலும் ஏற்றம்தான் தெரியும். ஐந்து ஆண்டு உண்மைச் செலவை ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு கணக்குத் தலைப்பு (பட்ஜெட்டில் ஒரு செலவுக்கான தனி வரி) காணாமல் போனால் “திட்டம் நிறுத்தம்” என்று உடனே எழுத வேண்டாம், வேறு தலைப்போடு சேர்த்திருக்கலாம். தேடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது, பெரும்பாலான வெட்டு மொத்தத் தொகையில் தெரியவே தெரியாது. நிரப்பாத பணியிடம், ஒரு மாதத்துக்கு இத்தனைதான் என்ற உச்சவரம்பு, திருத்திய தகுதிப் படிவம், பயனாளியின் தகுதிக்கு அடிக்கடி வரும் மறுமதிப்பீடு, நீளும் காத்திருப்புப் பட்டியல் ஆகியவற்றில்தான் அது இருக்கும். பழைய சுற்றறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படியுங்கள். காத்திருப்பு நாட்களில் சராசரியை மட்டும் வாங்காதீர்கள். நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவரின் நாட்கள்), மிக நீண்ட காத்திருப்பு, நாள் எண்ணத் தொடங்குவது பரிந்துரைக் கடிதத்திலிருந்தா விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்தா, பட்டியலிலிருந்து எத்தனை பேர் எந்தக் காரணத்துக்காக நீக்கப்பட்டார்கள் என்பவையும் வேண்டும். தகுதி வாசலை இறுக்கினாலும் பட்டியல் சுருங்கும்.

தண்டுவட_மறுவாழ்வு:
கதீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்டுவடக் காயத்துக்குப் பின் சிறுநீரை இடைவெளிவிட்டு வெளியேற்றுபவருக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை தேவை. ஐந்து என்று வைத்தால் மாதம் 150. உச்சவரம்பு 60 ஆனால் நாளுக்கு இரண்டு. மீதி மூன்று முறைக்கு அவர் ஒருமுறைப் பயன்பாட்டுக் குழாயையே திரும்பப் பயன்படுத்துவார், அல்லது இடைவெளியை நீட்டுவார், அல்லது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் தொற்று வரும், அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காயம் மார்பு முதுகெலும்பு 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், நிரம்பிய பையே ரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். செய்தியில் “உபகரணங்கள் குறைப்பு” என்று ஒரே சொல்லில் கடந்துபோவது இதைத்தான்.

சக்கர நாற்காலி மெத்தையும் அப்படியே. தேய்ந்த மெத்தையை மாற்றித் தராவிட்டால் இடுப்பெலும்பின் அடியில் புண் வரும். அது எலும்பு வரை இறங்கினால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. மெத்தையில் மிச்சம் பிடித்தது உள்நோயாளிச் செலவாக வேறொரு கணக்குத் தலைப்பில் ஏறுகிறது. இரண்டு தலைப்பையும் சேர்த்துக் கேட்டால்தான் “சேமிப்பு” என்ற சொல்லுக்கு ஆதாரம் உண்டா என்று தெரியும்.

கெடுதல் தாமதமாகத்தான் தெரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிறவி வளைபாதத்துக்குப் பொன்செட்டி முறையில் (மாவுக்கட்டுகளால் பாதத்தைப் படிப்படியாக நேராக்குவது) மாவுக்கட்டு முடிந்ததும் முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் பிரேஸ் (பாதத்தை நேராகப் பிடித்துவைக்கும் கருவி), பிறகு ஏறக்குறைய நான்கு வயது வரை தூங்கும் நேரத்தில். பிரேஸ் வழங்கல் நின்ற வாரத்தில் பாதம் நேராகத்தான் இருக்கும், பின்னால்தான் திரும்ப வளையும். அறிவிப்பு நாளன்று மட்டும் செய்தி போட்டால் “பாதிப்பு இல்லை” என்பதும் அன்றைக்கு உண்மையாகவே தெரியும். மூன்றாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் அதே கேள்விகளோடு திரும்பப் போங்கள்.

செய்திமேசை:
மிக்க நன்றி. போலிப் பயனாளிகளை நீக்கியதால்தான் எண்ணிக்கை குறைந்தது என்றும் துறை சொல்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

மேல்முறையீடு:
நான்கு எண்கள் கேளுங்கள்: நீக்கப்பட்டவர்கள், மோசடி நிரூபணமானவர்கள், மேல்முறையீடு செய்தவர்கள், அதில் திரும்பச் சேர்க்கப்பட்டவர்கள். “கடிதத்துக்குப் பதில் இல்லை” என்று நீக்கியவர்களைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பார்வையற்றவருக்கு அச்சுக் கடிதம், காது கேளாதவருக்குத் தொலைபேசி அழைப்பு என்று அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்பதை மோசடிக் கணக்கில் சேர்க்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளைச் சோம்பேறிகள், வரிப்பணத்துக்குச் சுமை, மோசடிக்காரர்கள் என்று சித்திரிப்பது சாதாரண விஷயம் அல்ல. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2016இல் பிரிட்டன் பற்றி வெளியிட்ட விசாரணை அறிக்கை, நலத்திட்ட மாற்றங்களோடு இந்தச் சித்திரிப்பையும் பதிவு செய்தது. பிரிட்டன் அரசு அந்த முடிவுகளை ஏற்கவில்லை. எழுதினால் இரண்டையும் எழுதுங்கள்.

ஒலிவரி:
பேட்டி பற்றி. உதவியாளரிடம் அல்ல, அவரிடமே பேசுங்கள். பேச்சுச் சிரமம் உள்ளவருக்குக் கேள்விகளை முன்கூட்டி எழுத்தில் அனுப்புங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தாலும் உங்கள் பார்வை காது கேளாதவர் மேல் இருக்கட்டும். “சக்கர நாற்காலியில் முடங்கிய” என்பது தவறு, அதில்தான் அவர் நடமாடுகிறார். புண்ணைப் படம் பிடிக்க வேண்டாம். பெயர் வெளியானால் மறுமதிப்பீட்டுக்கு அழைக்கப்படலாம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதைச் சொல்லிவிட்டு ஒப்புதல் கேளுங்கள், நோய் விவரத்துக்குத் தனி ஒப்புதல்.

வெளியிடும்போது அட்டவணையைப் படமாகப் போடாதீர்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்காது. யாருடைய சேவை வெட்டப்பட்டதோ அவருக்கே அந்த எண்கள் கிடைக்காமல் போகும். காணொளி என்றால் வசன வரிகளைத் தானியங்கி மென்பொருளிடம் விட்டுவிடாமல் ஒருமுறை திருத்திப் போடுங்கள். மருந்து, உபகரணப் பெயர்களில்தான் அது அதிகம் தவறும்.