அம்மாபேட்டை உறவுகள்: ஞாயிறு எங்கே போகலாம்?

கவிதா: செல்வம் மாமா, ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகலாமா? பிள்ளைகள் காடு பார்க்கணும்னு ஒரே நச்சரிப்பு.

செல்வம் மாமா: ஆடி மாசத்து ஞாயிறு ஏற்காட்டில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது கவிதா. சங்ககிரி மலைக்குப் போவோம். காடும் உண்டு, கோட்டையும் உண்டு. மதியத்துக்குள் இறங்கிவிடலாம்.

பிரபு: அது வெறும் பாறைதானே மாமா?

செல்வம் மாமா: பைபாஸில் போகும்போது அப்படித்தான் தெரியும் பிரபு. ஏறிப் பார். இடுக்கெல்லாம் உசிலை, வெப்பாலை, கள்ளி. மயில் கத்துவது கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது பாறை ஓணான். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணுக்கு முதுகு செக்கச்செவேல் என்று இருக்கும், பக்கவாட்டில் கன்னங்கரேல். மதில் கல்லின்மேல் ஏறி நின்று தலையை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். பெண்ணோ கல் நிறம். அசைந்தால்தான் தெரியும்.

மீனா: ஐ! நான் வர்றேன் தாத்தா 🦎

பிரபு: கோட்டை திப்பு கட்டியதா?

செல்வம் மாமா: இல்லை, விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த சேலம் பகுதியோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. வாசலுக்கு மேல் வாசலாக மலையைச் சுற்றி ஏறும். ஒன்றைப் பிடித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்ததற்கு வரணும். மேலே இருப்பவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும்.

சரவணன்: அம்மாயி சொல்லச் சொன்னாங்க: "தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட மலை அது. போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க."

செல்வம் மாமா: அத்தை சொல்வது சரி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் கூட்டிப்போகணும். 1799இல் திப்பு இறந்த பிறகும் சின்னமலை ஓயவில்லை. 1801இல் காவிரிக் கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அறச்சலூர் என்று கம்பெனிப் படையோடு மோதினார். கடைசியில் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். 1805 ஜூலை 31, ஆடிப் பெருக்கு அன்று, தம்பிகளோடு சேர்த்துத் தூக்கிலிட்டார்கள். ஊரெல்லாம் ஆற்றங்கரையில் இருக்கிற நாள். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

கவிதா: 🙏🙏

மீனா: தாத்தா, மேலே தண்ணீர் இருக்குமா?

செல்வம் மாமா: சுனை இருக்கு கண்ணு. ஆனா நமக்கில்லை. முற்றுகை வந்தால் படை தவிக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் தண்ணீரைக் காத்தார்கள். இப்போது குரங்கும் மயிலும் கீரியும் அதை நம்பித்தான் கோடையைக் கடத்துகின்றன. அதில் போய் பாட்டிலை எறிகிறார்கள், கால் கழுவுகிறார்கள். பார்த்தால் வயிறு எரிகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அதைச் செய்யக் கூடாது. குரங்குக்குத் தீனி போடவும் கூடாது. பழகிவிட்டால் பையைப் பிடுங்க வரும், அப்புறம் அடி வாங்குவதும் அதுதான்.

பிரபு: சரி மாமா, வர்றேன். எத்தனை மணிக்கு?

செல்வம் மாமா: காலை 5.30க்கு புது பஸ் ஸ்டாண்டு, ஈரோடு பஸ் நிற்கும் இடம். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடணும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க.

சரவணன்: அம்மாயியும் வர்றாங்களாம் மாமா. மலை ஏறமாட்டாங்க, அடிவாரத்து நினைவுச் சின்னம் வரைக்கும் போதுமாம்.

செல்வம் மாமா: தாராளமா வரட்டும். அப்படின்னா பஸ் வேண்டாம் சரவணா, உன் காரை எடு. நானும் அத்தைகூட அதிலேயே வந்துவிடுகிறேன்.