நான்கு மேலட் பிடி: வெளி மேலட் நழுவுகிறது, கட்டைவிரல் வலிக்கிறது. ஸ்டீவன்ஸா, பர்ட்டனா?

மரச்சுருதி

எல்லோருக்கும் வணக்கம். கைக்கு ஒரு மேலட் (நுனியில் தலை உள்ள அடிகோல்) வைத்து சைலஃபோனும் க்ளாக்கன்ஷ்பீலும் நன்றாகவே வாசிப்பேன். இப்போது எங்கள் குழுவில் மரிம்பா (பெரிய மரக்கட்டை வாத்தியம்) பகுதி என் தலையில் விழுந்திருக்கிறது. முழுக்க நான்கு மேலட், கைக்கு இரண்டு. நேரில் சொல்லித்தர ஆள் இல்லாததால் காணொளிகளைப் பார்த்து, ஒரு கையில் இரண்டு மேலட்டைப் பிடிக்கும் முறைகளில் ஒன்றான ஸ்டீவன்ஸ் பிடியை ஆரம்பித்தேன்.

வலது கையின் வெளி மேலட்தான் (சுண்டுவிரல் பக்கம் இருப்பது) பிரச்சினை. நாலு கார்டு (பல ஸ்வரம் ஒன்றாக ஒலிப்பது) அடிப்பதற்குள் அதன் தலை தொங்கிவிடுகிறது. தொங்காமல் இருக்க இறுக்கினால் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையே கொப்புளம் வருகிறது, கட்டைவிரல் அடியிலும் ஒரே வலி. பர்ட்டன் என்ற இன்னொரு பிடிக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பின்னால் வைப்ரஃபோன் (உலோகக் கட்டை வாத்தியம்) வாசிக்கவும் ஆசை உண்டு. மாறலாமா?

பிரம்புக்கோல்

மாறுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். மேலட்டின் தண்டு பிரம்பா, மரமா? வாசிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கிறதா, இன்னொரு கையைப் பார்க்கிறதா? வெளி மேலட்டின் பின்முனை சுண்டுவிரலைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது?

மரச்சுருதி

பிரம்பு. இருப்பதிலேயே ஒரே மாதிரி நான்கைப் பொறுக்கி எடுத்தேன், நன்றாக வளையும். உள்ளங்கை தரையைப் பார்த்துத்தான் இருக்கிறது, இரண்டு மேலட்டில் அப்படித்தானே பழக்கம்? பின்முனை இரண்டு விரற்கடை அளவு வெளியே நிற்கிறது.

பிரம்புக்கோல்

வலி எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரிகிறது.

உள்ளங்கை தரையைப் பார்ப்பது மஸ்ஸர் பிடியின் பாணி. மரிம்பா கலைஞர் கிளேர் ஓமர் மஸ்ஸர் காலத்திலிருந்து வரும் அந்தப் பிடியை எடுத்துத்தான் லீ ஹோவர்ட் ஸ்டீவன்ஸ் மாற்றி அமைத்தார். 1979-இல் வந்த அவருடைய பயிற்சி நூல்தான் இந்தப் பிடிக்கு இன்றுவரை அடிப்படை. அவர் செய்த பெரிய மாற்றம், கையைத் திருப்பிக் கட்டைவிரலை மேலே கொண்டுவந்தது. யாருக்காவது கைகுலுக்கக் கை நீட்டுவீர்களே, அந்த நிலை. அப்படிப் பிடித்தால் வெளி மேலட் மோதிர விரலின் மேல் உட்கார்ந்துகொள்ளும், எடையை விரல் தாங்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் கீழே தாங்க ஒன்றுமே இல்லை, இறுக்கித்தான் ஆக வேண்டும். இறுக்கினால் கொப்புளம் வரத்தான் செய்யும்.

வெளி மேலட்டை மோதிர விரலும் சுண்டுவிரலும் சுற்றிப் பிடிக்க வேண்டும், பின்முனை சுண்டுவிரலோடு சமமாக முடிய வேண்டும். இரண்டு விரற்கடை வெளியே விட்டால் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை, மோதிர விரல் ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும்.

உள் மேலட்டின் பின்முனை கட்டைவிரலின் அடிச்சதைக்குக் கீழே உள்ளங்கையில் படுத்திருக்கட்டும், நடுவிரல் நுனி அதை லேசாக அணைத்திருக்கட்டும். ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு தண்டுக்குக் கீழே, கட்டைவிரல் மேலே. உங்கள் நடுவிரல் சும்மா இருக்கிறது என்று நினைக்கிறேன். அது தாங்காவிட்டால் கட்டைவிரல்தான் நசுக்கிப் பிடிக்கும், வலி அதனால்தான்.

ஸ்டீவன்ஸுக்கு நீளமான, வளையாத பிர்ச் மரத்தண்டு வசதி. வளையும் பிரம்பில் பாதிக் குழப்பம் தண்டே உண்டாக்குவது. யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள்.

வைப்ஸ்பித்தன்

நான் பர்ட்டன் கட்சி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டன் வைப்ரஃபோனுக்காக உருவாக்கிய பிடி அது. இரண்டு தண்டும் உள்ளங்கைக்குள் குறுக்காக வெட்டிக்கொள்ளும். பழைய குறுக்குப் பிடியிலும் வெட்டும், ஆனால் எந்தத் தண்டு மேலே எது கீழே என்பது பர்ட்டனில் தலைகீழ். வெளி மேலட் இதில் வலுவாக நிற்கும். அதனால்தான் எங்களில் பலர் மெட்டை இரண்டாவது, நான்காவது மேலட்டில் வாசிக்கிறோம். ஸ்டீவன்ஸ்காரர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரண்டு, மூன்றைத் தேடுவார்கள். (எண் இடமிருந்து வலம். சில புத்தகங்களில் வலமிருந்து போடுவார்கள், முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள், இல்லையென்றால் எல்லாமே குழம்பும்.)

தண்டுகள் ஒன்றோடொன்று உரசி நிற்பதால் பிரம்பு இதற்குப் பொருத்தம். இரண்டு தலைக்கும் இடையே உள்ள இடைவெளியை விரிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு தண்டுக்கும் நடுவே நுழைந்து தள்ளும், குறுக்கும்போது கடைசி இரண்டு விரலும் மூடும். குறையையும் மறைக்கவில்லை: வேகமாக விரித்துக் குறுக்கும் இடத்தில் தண்டுகள் டக் டக்கென்று தட்டிக்கொள்ளும், மெதுவான பகுதியில் அது காதில் விழும்.

வைப்ரஃபோன் ஆசை என்றீர்கள். அதில் மூன்று ஆக்டேவ்தான் (ஸ்தாயி), எஃப்3 முதல் எஃப்6 வரை. இரண்டு வரிசைக் கட்டைகளும் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒரு மேலட் அடித்த கட்டையை இன்னொரு மேலட்டால் தொட்டு ஒலியை அணைக்கும் வேலை அதிகம், அதற்குக் கைக்குள் உறுதி வேண்டும். அங்கே எனக்கு பர்ட்டன்தான்.

கீழ்ஸ்தாயி

வைப்ஸ்பித்தன் சொல்வது வைப்ரஃபோனுக்குச் சரி. ஆனால் இவர் கையில் இப்போது இருப்பது மரிம்பா. கீழ்ஸ்தாயியில் கட்டைகள் அகலமாகிக்கொண்டே போகும், மேலே ஓர் ஆக்டேவ் எட்டுகிற கை கீழே அதே ஆக்டேவுக்குத் திணறும். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு இணையான வரிசை மேலே தூக்கி நிற்பதால் கோணமும் மாறும். ஸ்டீவன்ஸின் விரிவு அங்கேதான் கைகொடுக்கும்.

அதற்காக மரிம்பாவுக்கு ஸ்டீவன்ஸ்தான் என்று யாராவது சட்டம் பேசினால் நம்பாதீர்கள். மரிம்பா கலைஞர் கெய்கோ அபே குறுக்குப் பிடியில்தான் வாசிக்கிறார், மரிம்பாவில் அவரைத் தாண்டி ஒரு பெயர் சொல்வது கஷ்டம். எந்தப் பிடி என்பதை உங்கள் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். என்ன இருக்கிறது?

மரச்சுருதி

மூன்றாவது ஸ்வர இடைவெளியிலிருந்து ஆக்டேவ் வரை கார்டுகள். நடுவில் ஒரு நீளமான இடம்: இடது கை மட்டும் ரோல் (இரண்டு மேலட்டும் வேகமாக மாறி மாறித் தொடர்ந்து அடிப்பது), வலது கையில் மெட்டு.

பிரம்புக்கோல் அண்ணா, கட்டைவிரலை மேலே வைத்ததும் வெளி மேலட் தொங்குவது நின்றுவிட்டது! ஆனால் இப்போது ஐந்தாவது இடைவெளி நன்றாக வருகிறது, மூன்றாவது இடைவெளிக்குக் குறுக்கவே முடியவில்லை. கை முழுவதும் திரும்பிவிடுகிறது.

கீழ்ஸ்தாயி

ஒரு கை ரோல் இருக்கிறதென்றால் ஸ்டீவன்ஸிலேயே இருங்கள். கட்டைவிரல் மேலே இருக்கும்போது முன்கை கதவுப் பிடியைத் திருகுவதுபோல் இரண்டு பக்கமும் சமமாகச் சுழலும். அந்த ரோல் அந்தச் சுழற்சிதான்.

பிரம்புக்கோல்

குறுக்குவதற்கு இரண்டு மேலட்டையும் நகர்த்தப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. வெளி மேலட்டை மறந்துவிடுங்கள், அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். உள் மேலட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். உருட்டும்போது அதன் பின்முனை உள்ளங்கையில் இடம் மாறும். மாறட்டும், அதைப் பிடித்து நிறுத்தினால்தான் கை முழுவதும் திரும்புகிறது. முதலில் கட்டையில் அடிக்கவே வேண்டாம். தலையணை மேல் கையை வைத்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஆக்டேவ், பிறகு திரும்பி வருவது. கண்ணை மூடிக்கொண்டு விரித்துவிட்டு, அப்புறம் கட்டைக்கு நேரே வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது அடி. ஸ்டீவன்ஸ் நான்கு வகையாகப் பிரிக்கிறார்: ஒரே மேலட்டால் திரும்பத் திரும்ப அடிப்பது, ஒரு கையின் இரண்டு மேலட்டும் மாறி மாறி அடிப்பது, இரண்டும் ஒன்றாக விழுவது, ஒரே அசைவில் இரண்டும் அடுத்தடுத்து விழுவது. முதல் வகையில் நேரம் செலவழியுங்கள். நான்காவது மேலட்டால் அடிக்கும்போது மூன்றாவதன் தலை தன் கட்டைக்கு மேலேயே அசையாமல் நிற்க வேண்டும். அச்சு அதுதான், கை அதைச் சுற்றித்தான் சுழல வேண்டும். மூன்றாவதும் கூடவே எகிறிக் குதித்தால் மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

கொப்புளம் ஆறும்வரை அந்த இடத்தில் டேப் ஒட்டி, கொஞ்ச நேரம் வாசித்து நிறுத்துங்கள். தோல் எரிச்சல் போகப் போகக் காய்த்துவிடும். மூட்டில் வலியோ விரலில் மரத்துப்போவதோ வேறு கதை. அது தொடர்ந்தால் மேலட்டைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மரச்சுருதி

பிர்ச் தண்டு மேலட் இரவலாகக் கிடைத்தது. வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, உருட்டும்போது எங்கே இருக்கிறேன் என்று கைக்கே புரிகிறது. மூன்றாவது இடைவெளி வருகிறது, கொஞ்சம் தயங்கித் தயங்கி. கட்டைவிரல் வலி குறைந்திருக்கிறது. இடது கை ரோல்தான் நொண்டுகிறது: உள் மேலட் சத்தமாக, வெளி மேலட் பூனை நடப்பதுபோல.

கீழ்ஸ்தாயி

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான். ரோலை ரோலாகப் பழகாதீர்கள். ஐந்தாவது இடைவெளியில் மெதுவாக, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய வேகத்தில் மாறி மாறி அடியுங்கள். அழுத்தத்தை வெளி மேலட்டில் போடுங்கள், உள்ளே இருப்பது தானாகக் கேட்கும். இரண்டு தலையும் ஒரே உயரத்திலிருந்து கிளம்புகிறதா என்று கண்ணாடி முன்னால் பாருங்கள், பெரும்பாலும் வெளி மேலட் பாதி உயரத்திலிருந்துதான் விழும். சத்தம் சமமான பிறகு மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள்.

வைப்ஸ்பித்தன்

சரி, மரிம்பாவுக்கு உங்களை விட்டுக்கொடுக்கிறேன். வைப்ரஃபோனுக்கு வரும்போது பர்ட்டனையும் ஒரு கை பாருங்கள். இரண்டு பிடியிலும் வாசிப்பவர்கள் உண்டு, ஒன்று வந்தால் இன்னொன்று கெட்டுவிடாது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம்.