பைக் திருடுபோய் 19 நாள், கையில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும்தான். அடுத்து என்ன செய்யலாம்?

குழுவில் வக்கீல்கள், காவல்துறையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அப்பாவின் ஸ்ப்ளெண்டர், வாடகை வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். காலையில் பார்த்தால் வண்டி இல்லை, உடைந்த சங்கிலிப் பூட்டு மட்டும் சாக்கடை ஓரம் கிடந்தது. அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். எஃப்.ஐ.ஆர். கேட்டால், "தேடிட்டு இருக்கோம், கிடைச்சிடும்" என்பதோடு சரி. இன்சூரன்ஸ்காரர்களோ எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பேசவே மாட்டேன் என்கிறார்கள். அப்பா சட்டைப் பையில் அந்த ரசீதை மடித்து வைத்துக்கொண்டே அலைகிறார், மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது.

நான் படித்த வரை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. ஸ்டேஷனில் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். ஐயாயிரத்துக்கும் குறைவான திருட்டு என்றால் கதை வேறாம். எங்கள் வண்டி நாற்பதாயிரமாவது போகும்.

என் சந்தேகம்: தபால் அனுப்பி எத்தனை நாள் பொறுத்து கோர்ட்டுக்குப் போவது வழக்கம்? வக்கீல் வைக்காமல் நாமே மனு போட முடியுமா? அப்புறம், எஸ்.பி.க்கு எழுதினால் ஸ்டேஷனில் கோபித்துக்கொள்வார்களோ என்று அப்பா தயங்குகிறார். இதில் அனுபவப்பட்டவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.