கம்யூட்டர்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திருவொற்றியூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்குப் போக்குவரத்துப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கடற்கரை–தாம்பரம் தடம் பற்றிய பத்தியில் நிற்கிறேன். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது, திருசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம், அதெல்லாம் எழுதியாயிற்று. அடுத்த வாக்கியம்தான் சிக்கல்: இந்தத் தடத்தில் கம்யூட்டர்களும் (வேலைக்கும் படிப்புக்கும் வழக்கமாகப் போய்த் திரும்புகிறவர்கள்) விமானப் பயணிகளும் செல்கிறார்கள். இரண்டு பேரையும் பயணி என்று எழுதினால் வாக்கியம் எதற்கு? கம்யூட்டர் என்றே கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை எழுந்து வந்து, "டீச்சர், ப் விட்டுட்டீங்க" என்று அதைக் கம்ப்யூட்டர் ஆக்கிவிட்டாள். தினப்பயணி என்றால், "ஞாயித்துக்கிழமையும் போவாங்களா?" என்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
அம்மா, தினம் வடசொல், அதை விட்டுவிடுங்கள். பழந்தமிழில் செலவு என்றாலே பயணம்தான். தலைவன் பிரிந்து போகாமல் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்றார்கள். பகல் சந்தைக்குச் சொன்ன நாளங்காடியில் உள்ள நாள் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் நாட்செலவு, அதைச் செய்பவர் நாட்செலவினர். வழிப்போக்கரைச் சொல்லும் ஆறுசெல் வம்பலர் என்பதையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் வம்பு என்றால் புதுமை, வம்பலர் அந்த வழிக்குப் புதியவர். நமக்கு வேண்டியவர் வழி பழகியவர். இந்த ஒரு சொல் போதாது, தண்டவாளத்தையும் ஒரு நாள் பேச வேண்டும். அதற்கு வார்ப்பிரும்பு என்ற பொருளும் பேரகராதியில் இருக்கிறது. வார்ப்பிரும்புக்கு இருந்த சொல் பாதைக்கு வந்து நிலைத்துவிட்டது. ஆகவே பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுப்பதில் தவறே இல்லை.

எண்ணூரிலிருந்து:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாட்செலவு என்றால் என் வீட்டில் பால், காய்கறிக் கணக்கு என்றுதான் புரியும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அன்றாடப் பயணி என்று வையுங்கள், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் டீச்சர், அதே பத்தியில் புறநகர் என்று வருமே, அதையும் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையமே 1856இல் எங்கள் வடசென்னை ராயபுரத்தில்தான் வந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 முதல் மாநகராட்சிக்குள் இருக்கின்றன. இன்னும் எங்கள் வண்டி புறநகர் வண்டி! வேளச்சேரி வண்டிக்கு மட்டும் பறக்கும் ரயில் என்று எவ்வளவு அழகாக வாய்த்தது.

கொருக்குப்பேட்டையிலிருந்து:
புறநகரை இப்போது இழுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை ஓடி வருகிறது. ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒவ்வொரு நாளும் கொடுக்கும் கட்டணத்தைக் குறைத்து மொத்தமாக மாற்றிக் கொடுத்த சீட்டுக்குக் கம்யூட்டேஷன் டிக்கெட் என்று பெயர், அதிலிருந்துதான் அதை வைத்திருந்தவர் கம்யூட்டர் ஆனார். நம் சீசன் டிக்கெட்தான் அது. அந்தச் சொல்லில் போவதும் இல்லை, வருவதும் இல்லை, வெறும் கட்டணம். தமிழில் அப்படியா? போக்குவரத்து என்ற சொல்லிலேயே போக்கும் இருக்கிறது, வரத்தும் இருக்கிறது. என் தம்பி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறான். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு மாறி ஏறாமல் ஒரே வண்டியில் போகிறான், அதிலேயே திரும்புகிறான். பக்கத்து இருக்கையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர் துபாய் போகிறார், அன்றைக்குத் திரும்ப மாட்டார். இருவருக்கும் உள்ள வேறுபாடு அந்தத் திரும்புதல்தான், தினசரி என்பது அதற்கு அடுத்ததுதான். ஆகவே போய்வருநர். ஓட்டுநர், பெறுநர் வரிசையில் நிற்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
தம்பி, அமைப்பு சரி, ஓட்டுனரா ஓட்டுநரா என்கிற சண்டை வராமல் ந என்ற எழுத்தே போட்டதற்கும் மகிழ்ச்சி. ஆனால் போய் வருகிறேன் என்பது விடைபெறும் பேச்சு, விருந்தாளி நினைவுதான் வரும். அன்றாடப் பயணி அதைவிட மோசம், அன்றாடங்காய்ச்சியின் வாடை அடிக்கிறது.

எண்ணூரிலிருந்து:
அடிக்கட்டும் ஐயா. காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து, அன்னக்கூடையை வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டியில் ஏற்றி, ஐஸ் தண்ணீர் புடவையில் சொட்டச் சொட்ட மீஞ்சூருக்குப் போகும் அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன். மதியம் காலிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே உட்கார்ந்து திரும்புவார்கள். அன்றன்றைக்கு விற்றால்தான் அடுப்பு எரியும். பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கும் சொல் என்றால் அந்த வாடை இருந்தே ஆக வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து:
இன்று வகுப்பில் மூன்று சொல்லையும் எழுதிப் போட்டேன். நாட்செலவினர் என்றதும் "செலவாளியா டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்கள், மன்னியுங்கள் ஐயா. போய்வருநருக்கு விளக்கம் சொன்ன பிறகு பிடித்திருந்தது, ஆனால் பாடத்தைப் படிக்கும் எல்லாப் பள்ளியிலும் விளக்க நான் இருக்க மாட்டேன். அன்றாடப் பயணி என்றே கொடுத்துவிடுகிறேன். புறநகரை மாற்ற எனக்கு நேரம் இல்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து:
சரி டீச்சர், அச்சுக்குப் போகட்டும். எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. ஓட்டுநரையும் யாரோ ஒருவர் முதல் தடவை விளக்கித்தான் இருப்பார். அடுத்த பதிப்பு வரும்போது ஒரு வாரம் முன்னாடியே சொல்லுங்கள்.